கையைக் கடிக்காத விலையில் பொடி ஈக்கு ஒரு வைஸ்

தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றி, மீனை ஏமாற்றப் பூச்சி மாதிரிச் செய்வதைத்தான் ஈ கட்டுவது என்கிறோம். கட்டும்போது முள்ளைத் தாடையால் கவ்விப் பிடிக்கிற சின்னக் கருவிதான் வைஸ். பெரிய ஈ கட்டுவதற்கு எந்த வைஸ் இருந்தாலும் போதும். 8ஆம் நம்பர் முள்ளை எதில் செருகினாலும் நிற்கும். நூல் நாலு சுற்று கூடக்குறைய விழுந்தாலும் டிரவுட் மீன் கோபித்துக்கொள்ளாது. முள் 18ஆம் நம்பரைத் தாண்டும்போதுதான் வைஸ் தன் குணத்தைக் காட்டும். புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நம்பர் ஏற ஏற முள் சிறுத்துக்கொண்டே போகும். 22ஆம் நம்பர் முள்ளின் தண்டு நாலைந்து மில்லிமீட்டருக்குள் முடிந்துவிடும். அதில் பாதியை வைஸின் தாடை மறைத்துக்கொண்டால், வால் எங்கே கட்டுவது, நூல் எங்கே சுற்றுவது?

நான் கோயம்புத்தூரில் டூல் ரூமில், அதாவது ஆலைக்கு வேண்டிய கருவிகள் செய்கிற பட்டறையில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகள் வீடு அமெரிக்காவில், டென்வர் பக்கத்தில். வருஷத்தில் பாதி அங்கேதான். மாப்பிள்ளைக்கு இந்த ஈயைப் போட்டு மீன் பிடிக்கிற ஃபிளை ஃபிஷிங் பைத்தியம், அவரிடமிருந்து எனக்கும் ஒட்டிக்கொண்டது. மீன் பிடிப்பதில் அவர் கெட்டிக்காரர். ஆனால் வைஸ் வாங்குவது என்றால் நண்பர்கள் எல்லாம் என்னைத்தான் கூட்டிப் போகிறார்கள். இரும்பைக் கையில் எடுத்துப் பார்த்துச் சொல்வது எனக்குப் பழகிய வேலை.

இங்கே பொடி ஈக்கு ஏன் இத்தனை மவுசு என்றால், காரணம் ஆறுதான். நாங்கள் போவது சௌத் பிளாட் ஆறு, செஸ்மன் பள்ளத்தாக்கும் அதற்குக் கீழே டெக்கர்ஸும். மேலே 1905இல் கட்டி முடித்த செஸ்மன் அணை இருக்கிறது. அணையிலிருந்து வருகிற தண்ணீர் கோடையிலும் குளிர்ந்திருக்கும், குளிர்காலத்திலும் பெரும்பாலும் உறையாது. அந்தத் தண்ணீரில் வருஷம் முழுக்கக் கிடைக்கிற தீனி மிட்ஜ் என்கிற கொசு மாதிரிப் பூச்சிகளும், சின்னச் சின்ன மேஃபிளைகளும். அசல் பூச்சியே அரிசி மணியில் பாதிதான் இருக்கும். பள்ளத்தாக்கில் புழு, இரை எதுவும் போடக்கூடாது, செயற்கை ஈயும், லூர் என்கிற போலி இரையும் மட்டும்தான். மீனுக்கோ வருஷம் முழுக்க ஆட்கள் வந்து பாடம் நடத்திவிட்டுப் போகிறார்கள். 14ஆம் நம்பர் ஈயைக் காட்டினால் ஏறெடுத்தும் பார்க்காது. டென்வரில் குடியேறிய கொரியரான ரிம் சங் உருவாக்கிய ஆர்எஸ்2 என்கிற ஈ இந்த ஆற்றில் பேர் வாங்கியதும் அதனால்தான். மெல்லிய உடம்பு, பிரிந்த இரட்டை வால், முதுகில் ஒரு துளி இறகு, அவ்வளவுதான். 20, 22 நம்பரில் அதைக் கட்டிப் பாருங்கள், உங்கள் வைஸின் லட்சணம் தெரிந்துவிடும்.

நான் யாருக்கும் முதலில் சொல்வது இதுதான்: காசைத் தாடைக்குக் கொடுங்கள். சுழலும் தலை, பளபளக்கும் பீடம், தோல் பை, கூடவே வரும் உபகரணப் பெட்டி எல்லாம் அப்புறம். முள்ளைத் தொடுகிற இடம் மூன்று மில்லிமீட்டர் இரும்பு. அது சரியாக இருந்தால் மீதி எல்லாவற்றையும் சமாளிக்கலாம். அது கோணலாக இருந்தால் மீதி எல்லாம் சேர்ந்தாலும் காப்பாற்றாது.

கடைக்குப் போகும்போது சட்டைப்பையில் இரண்டு வகை முள் எடுத்துப் போங்கள். ஒன்று டைம்கோ 100 மாதிரி மெல்லிய கம்பியில் நேரான தண்டு, 22ஆம் நம்பர். இன்னொன்று டைம்கோ 2488 மாதிரி தண்டே வளைந்தது, 20ஆம் நம்பர். நேர் முள்ளை நன்றாகப் பிடிக்கிற தாடை வளைந்ததைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. வளைவில் தாடை படுகிற இடம் குறைவு, முள் கீழ்நோக்கிச் சுழலப் பார்க்கும். கூடவே 70 டெனியர் என்கிற மெல்லிய நூல் ஒரு உருளையும், அதைப் பிடித்துச் சுற்றுகிற பாபினும் இருக்கட்டும். கடைக்காரர் முகம் சுளித்தால் அந்தக் கடை வேண்டாம். நல்ல ஃபிளை ஷாப்பில் அவர்களே நாற்காலி இழுத்துப் போடுவார்கள்.

முள் எதுவும் வைக்காமல் தாடையை மெல்ல மூடி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நுனிதான் முதலில் முத்தமிட வேண்டும். நுனியில் வெளிச்சக் கீற்று தெரிந்து, உள்பக்கம் ஒட்டியிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். அந்த வைஸ் 10ஆம் நம்பரைப் பிடிக்கும், 22ஐ நழுவவிடும். அடுத்து, மூடிய நுனியின் மேல் நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். ஒரு தாடை உயரமாகவும் ஒன்று தாழ்வாகவும் இருந்தால் நகம் தடுக்கும். மலிவான வைஸ்களில் இந்த ஏற்றத்தாழ்வு சர்வசாதாரணம். பொடி முள்ளுக்கு அதுதான் எமன்.

பிறகு 22ஐ வையுங்கள். தூண்டில் நரம்பைக் கோக்கிற கண் பக்கத்தை விரல் நகத்தால் கீழே அழுத்துங்கள். கம்பி வளைந்து கொடுத்து, விட்டதும் பழைய நிலைக்கு வர வேண்டும். முள் முழுசாகத் தாடைக்குள் சுழன்றால் பிடி போதவில்லை என்று அர்த்தம். கண் பக்கத்தை லேசாகச் சுண்டினால் நல்ல பிடியில் 'டிங்' என்று ஒரு சின்ன ஒலி வரும். செத்த ஒலி வந்தால் இன்னும் கொஞ்சம் இறுக்கி மறுபடி சுண்டிப் பாருங்கள். கடைசிச் சோதனை நூல். தண்டில் பத்துச் சுற்று சுற்றி, நூல் அறுகிற வரை கீழே இழுங்கள். நூல் அறுந்தால் வைஸ் ஜெயித்தது. முள் நகர்ந்தால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

சோதனை முடிந்ததும் முள்ளை எடுத்துவிட்டுத் தாடையின் உள்முகத்தைப் பாருங்கள், செல்போன் கேமராவில் பெரிதாக்கினால் நன்றாகத் தெரியும். முள் என்பது கடினப்படுத்திய கார்பன் ஸ்டீல் கம்பி. தாடையின் ஹார்டனிங், அதாவது இரும்புக்கு ஏற்றிய பதம், சரியில்லை என்றால் ஒரே தடவையில் அந்தக் கம்பியின் தடம் பள்ளமாக விழுந்திருக்கும். அந்தப் பள்ளம் ஆறு மாதத்தில் வாய்க்காலாகிவிடும். டூல் ரூமில் என்றால் அரத்தின் ஓரத்தை ஓட்டிப் பார்த்துச் சொல்லிவிடுவோம். கடையில் அரத்தை எடுத்தால் போலீஸைக் கூப்பிடுவார்கள்.

பிடி இருந்தால் மட்டும் போதாது, இடமும் வேண்டும். தாடையின் மூக்கு கூராக, மேலும் கீழும் சரிந்து ஒடுங்கியிருக்க வேண்டும். முள்ளின் வளைவுக்குப் பின்னால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வந்து வாலைப் பிடிக்க இடம் இருக்கிறதா, பாபின் குழாய் சுற்றி வரும்போது தாடையில் இடிக்கிறதா என்று பாருங்கள். பெட்டியில் '4/0 முதல் 28 வரை' என்று அச்சடித்திருப்பார்கள். 4/0 என்பது கடல் மீனுக்கான பெரிய முள். 28 நிற்கும், மறுக்கவில்லை. அதில் கட்ட முடியுமா என்பது வேறு கேள்வி. பெரியதையும் சிறியதையும் ஒரே தாடை பிடிக்க வேண்டுமானால் அதற்குத் தசை வேண்டும், தசை இருந்தால் மூக்கு தடிக்கும். கடல் மீனுக்குக் கட்டும் ஆசை இருந்தால் அதற்கு வேறு தாடையோ வேறு வைஸோ வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொரு சின்ன விஷயம், யாரும் சொல்ல மாட்டார்கள்: குரோம் பூசிய பளபளத் தாடையை விடக் கறுத்த, மங்கலான தாடை நல்லது. விளக்கு வெளிச்சம் எதிரடித்தால் வெள்ளி நிற முள் கண்ணுக்கே தெரியாது. அறுபதைத் தாண்டிய கண்ணுக்குச் சொல்லவே வேண்டாம்.

தாடை மூடுகிற விதத்தில் முக்கியமாக இரண்டு சாதி உண்டு. முதலாவது காலெட் வகை. லேத்தில் வேலை பார்த்தவர்களுக்கு உடனே விளங்கும்: பிளந்த தாடை ஒரு குழாய்க்குள் உட்கார்ந்திருக்கும். பின்னால் இருக்கும் கேம் லீவரை (அடியில் மையம் விலகிய வட்டு உள்ள லீவர்) அழுத்தினால் தாடை உள்ளே இழுபட்டு, குழாயின் வாய் அதை நெரித்து மூடும். இலினாய் மாநிலத்து எல்ஜின் ஊரில் தாம்சன் கம்பெனி செய்த 'மாடல் ஏ' இந்த வகை. அமெரிக்காவில் ஒரு தலைமுறையே அதில்தான் ஈ கட்டக் கற்றது. இதில் முள்ளின் அளவை மாற்றும்போதெல்லாம் திருகைச் சரிசெய்ய வேண்டும். ஆனால் மூக்கை மெலிதாகச் செய்யலாம், அதனால் பொடி ஈக்குத் தோதானது. இரண்டாவது, மாசசூசெட்ஸில் செய்யும் ரீகல் மாதிரி ஸ்பிரிங் வகை. லீவரை அழுத்தினால் திறக்கும், விட்டால் கவ்வும். எந்த நம்பர் முள்ளானாலும் திருக வேண்டிய வேலையே இல்லை, பிடியும் முரட்டுப் பிடி. குறை என்னவென்றால் வழக்கமான தாடை கொஞ்சம் தடிப்பு. மெலிந்த தாடை தனியாக உண்டு, விலையும் கூடும். இவை இரண்டும் போக, திருகும் கேமும் சேர்ந்து தாடையைப் பின்னாலிருந்து நெம்பி மூடுகிற வகையும் இருக்கிறது. சுழலும் வைஸ்களில் இதை அதிகம் பார்க்கலாம்.

இனி விலை. ஐம்பது டாலருக்குக் கீழே கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் தாம்சனின் நகல்கள். அடியில் திருப்பிப் பார்த்தால் 'மேட் இன் இந்தியா' என்று இருக்கும். டென்வர் கடையில் முதல்முதலாக அதைப் பார்த்தபோது எனக்கு ஒரே சந்தோஷம். மாப்பிள்ளை, "மாமா, உங்க ஊர்க்காரங்க செஞ்சதுங்க, நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றார். பார்த்தேன். வடிவம் சரி, இரும்பும் மோசமில்லை. கடைசி அரை மணி நேர வேலையைச் செய்யாமல் பெட்டியில் போட்டிருக்கிறார்கள். பிசிறு எடுக்கவில்லை, முகம் சமப்படுத்தவில்லை. அதே மாடலில் ஐந்தைத் திறந்து வைத்தால் ஒன்று அருமையாக இருக்கும், இரண்டு தேறும், மற்ற இரண்டு ஆகாது. ஆகவே இந்த விலையில் வாங்குவதானால் நேரில் போய், மேலே சொன்ன வெளிச்சச் சோதனையைச் செய்து பொறுக்கி எடுங்கள். தபாலில் வாங்கினால் அது லாட்டரிதான்.

நூறு டாலரை முன்பின்னாகக் கொடுக்க முடிந்தால் கிரிஃபின் கம்பெனியின் சுப்பீரியர் வரிசையைப் பாருங்கள். அதே காலெட் தத்துவம், ஆனால் வேலைப்பாடு வேறு ரகம். பொடி ஈ மட்டுமே கட்டுவேன், சுழல வேண்டாம், அலங்காரம் வேண்டாம் என்கிறவருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இந்த வகையைத்தான். இருநூறு டாலரை ஒட்டியும் அதற்கு மேலும் போனால் கொலராடோவின் லவ்லண்டில் செய்யும் பீக், ஃபுளோரிடாவின் ரென்செட்டி டிராவலர், ரீகலின் எளிய மாடல் எல்லாம் வரும். பீக்குக்கு மிட்ஜ் தாடை தனியாகக் கிடைக்கிறது, கழற்றி மாட்டலாம். மெய்ன் மாநிலத்து ஹெச்எம்ஹெச்சிலும் தாடைகளை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அது சிக்கனம் என்கிற எல்லையைத் தாண்டிவிடும். உபரித் தாடை வாங்கக் கிடைக்கிற வைஸுக்கு நான் எப்போதும் ஒரு மதிப்பெண் கூடப் போடுவேன். தாடை தேய்கிற பொருள். அது தேய்ந்ததும் முழு வைஸையும் தூக்கிப் போட வேண்டியதில்லை.

சுழலும் வைஸ் வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். முள்ளின் தண்டு அச்சிலேயே நிற்க, கைப்பிடியைச் சுற்றினால் முள் அங்கேயே உருளும். பெரிய ஈக்குக் கோழி இறகைத் தண்டு நெடுகச் சுற்றும்போது அது சொகுசுதான். 22ஆம் நம்பரில் ஆறேழு சுற்றோடு வேலை முடிந்துவிடும். பாபினைத் தாங்கியில் மாட்டிவிட்டு, கைப்பிடியைத் தேடுவதற்குள் கையாலேயே சுற்றி முடித்திருக்கலாம். எனக்குத் தேவை ஒன்றுதான்: கட்டியதன் மறுபக்கத்தைப் பார்க்கத் தலையைத் திருப்ப முடிய வேண்டும். பல சாதாரணக் காலெட் வைஸ்களிலும் தலை அப்படித் திரும்பும். மாப்பிள்ளை இதை ஒத்துக்கொள்ள மாட்டார், அவருடையது முழுசாகச் சுழலும் ரகம். நூறு டாலர்தான் இருக்கிறது என்றால், அந்த நூறில் சுழலும் வைஸ் வாங்குவதைவிடச் சுழலாத நல்ல தாடையை வாங்குங்கள். மலிவான சுழலும் வைஸில் சுழலும் அச்சின் ஆட்டம் முள்நுனியில் வந்து ஆடும்.

பீடமா, மேஜை விளிம்பில் மாட்டும் சி-கிளாம்பா என்பது பெரிய விஷயம் இல்லை. கிளாம்ப் மலிவு, உறுதி. ஆனால் உள்ளே அட்டைக்கூடு வைத்துச் செய்த இலேசான மேஜைகள் இப்போது வீட்டுக்கு வீடு இருக்கின்றன. அதில் இறுக்கினால் பலகை நசுங்கிவிடும். மேலும் கீழும் ஒட்டுப்பலகைத் துண்டு வையுங்கள். பீடம் என்றால் கனம் வேண்டும். மேலே போகும் கம்பி 3/8 அங்குலமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலான அமெரிக்க வைஸ்களுக்கு அதுதான் அளவு, பின்னால் வேறு பீடமோ கிளாம்போ மாற்றிக்கொள்ளலாம்.

பழையதை வாங்கத் தயங்காதீர்கள். வீட்டு வாசல் விற்பனையில் பழைய தாம்சன் கிடைத்தால் முதலில் தாடை நுனியை உடைந்திருக்கிறதா என்று பாருங்கள், பிறகு உள்முகத்தில் பள்ளம், பிறகு கேம் லீவரின் தேய்மானம். லீவரை முழுசாக அழுத்திய பிறகும் தாடை தளர்ந்து திரும்பி வந்தால் கேம் போய்விட்டது. மேல்பூச்சு உரிந்திருப்பது, துரு படிந்திருப்பது பற்றிக் கவலை வேண்டாம், மேலோட்டமான துரு மண்ணெண்ணெயில் ஒரு இரவு ஊறினால் இளகிவிடும். ரீகல் பழசாகக் கிடைத்தாலும் அதே கண்ணால் நுனியைப் பாருங்கள். பெரிய முள்ளை நுனியில் கவ்வவைத்துப் பழகியவர்கள் நுனியைப் பிளந்து வைத்திருப்பார்கள்.

ஐம்பது டாலருக்குக் கீழே உள்ள காலெட் வைஸை வாங்கிவிட்டவர்களுக்கு அந்த விடுபட்ட அரை மணி நேர வேலை இது. விலை உயர்ந்த வைஸில் இதைச் செய்யாதீர்கள், உத்தரவாதம் போய்விடும். தாடையைக் குழாயிலிருந்து வெளியே எடுத்து மண்ணெண்ணெயில் கழுவித் துடையுங்கள். 400ஆம் நம்பர் எமரித் தாளில் ஒரு நாடா கிழித்து, சொரசொரப்பு ஒரு பக்கம் மட்டும் இருக்கும்படி தாடைக்கு நடுவே விடுங்கள். விரலால் லேசாக மூடிக்கொண்டு நாடாவை ஒரே திசையில் இழுங்கள். ஐந்து இழுப்பு ஒரு முகத்துக்கு, திருப்பிப் போட்டு ஐந்து இழுப்பு மறுமுகத்துக்கு. பிறகு 600இல் அதேபோல. நடுநடுவே மூடி வெளிச்சத்தில் பாருங்கள், நுனி சேர்ந்ததும் நிறுத்திவிடுங்கள். மூக்கு தடித்திருந்தால் வெளிப்புறத்தை மெல்லிய எண்ணெய்க் கல்லில் கையால் தேய்த்து ஒடுக்கலாம். கிரைண்டர் பக்கமே போகக் கூடாது. நுனி சூடேறி நீலம் பாய்ந்தால் ஹார்டனிங் போய்விடும், அப்புறம் அது தகரம்தான். குழாயின் வாயும் தாடையின் சரிவும் உரசும் இடத்தில் மட்டும் ஒரு பொட்டு கிரீஸ் வையுங்கள். முள்ளைப் பிடிக்கும் முகத்தில் எண்ணெய்ப் பசையே இருக்கக் கூடாது.

வைஸுக்கு எல்லாக் காசையும் கொடுத்துவிட்டு மீதிக்குத் தவிக்காதீர்கள். நல்ல விளக்கு ஒன்று, மருந்துக்கடையில் கிடைக்கும் 2.5 பவர் வாசிப்புக் கண்ணாடி ஒன்று, நுனி கூரான கத்தரி ஒன்று, உள்ளே பீங்கான் குழாய் வைத்த பாபின் ஒன்று. இவற்றுக்குக் கையிருப்பில் பாதியை ஒதுக்குங்கள். வைஸுக்குப் பின்னால் வெளிர் நீலத்தில் ஒரு அட்டையை நிறுத்தினால் கண்ணுக்குப் பாதி வேலை மிச்சம். அதற்குக் காசே வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் முதல் ஈயாக 20ஆம் நம்பரில் ஜீப்ரா மிட்ஜ் கட்டிப் பாருங்கள். கறுப்பு நூல், மெல்லிய வெள்ளிக் கம்பி, 1.5 மில்லிமீட்டர் மணி, வேறு ஒன்றும் வேண்டாம். முள் நுனிக்குப் பக்கத்தில் இருக்கும் எதிர்முள்ளை முதலில் தட்டைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள், உடைகிற முள் அப்போதே உடையட்டும். மணியைக் கோத்துவிட்டு, முள்ளின் வளைவில் அடிப்பகுதியைத் தாடை நுனியில் கொடுங்கள். ஆழமாகப் புதைத்தால் விரலுக்கு இடம் போய்விடும், கூர்நுனியைத் தாடை நெரித்தால் அது மழுங்கும் அல்லது ஒடியும். திருகை, லீவர் பாதி தூரம் வரும்போதே பிடி விழுகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். லீவரைக் கடைசி வரை அழுத்தித்தான் நிற்கிறது என்றால் திருகில் குறை இருக்கிறது. பலத்தைக் காட்டினால் தாடைதான் சாகும். வெள்ளிக் கம்பியை இறுக்கிச் சுற்றும்போது முள் கீழே சாய்ந்தால், திருகை எட்டில் ஒரு பங்கு திருப்புங்கள், அதற்கு மேல் வேண்டாம். இப்படி இரண்டு மூன்று முறை திருப்பியும் சாய்கிறது என்றால் அட்டைப் பெட்டியையும் ரசீதையும் தேடி எடுத்து, திருப்பித் தருகிற கெடு முடிவதற்குள் கடைக்குப் போய்விடுங்கள்.